உள்ளாட்சி மன்றம் ஒரு விழிப்புணர்வு நாளை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

மார்ச் 21ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். ஐக்கிய நாடுகள் சபையின் பட்டியலில் அது இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான நாள். உலகக் கவிதை நாள், காடுகள் நாள், டவுன் சிண்ட்ரோம் நாள், பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ் நாள் ஆகியவையும் அதே தேதியில்தான் வருகின்றன. 2025 முதல் பனிப்பாறைகளுக்கான நாளும் சேர்ந்துகொண்டது. மறுநாள் தண்ணீர் நாள், 23ஆம் தேதி வானிலை நாள், 24ஆம் தேதி காசநோய் நாள். நான்கே நாட்களில் ஒன்பது.

இந்த ஒன்பதில் ஓர் ஊரின் உள்ளாட்சி மன்றம் எதை எடுத்துக்கொள்ளும், எதை விடும்? ஒவ்வொன்றின் பின்னாலும் நல்ல நோக்கம் இருக்கிறது. பாதிக்கப்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். எதைப் பார்த்தும் ‘இது வேண்டாம்’ என்று சொல்ல மனம் வராது. ஆனால் மன்றத்தின் ஆட்களும் பணமும் நேரமும் அளவுள்ளவை. எல்லா நாளையும் கடைப்பிடிக்கும் மன்றம், ஒவ்வொன்றுக்கும் ஒரு படத்தையும் இரண்டு வரியையும் வெளியிட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. ஆகவே தேர்ந்தெடுப்பதைத் தவிர்க்க முடியாது. அந்தத் தேர்வு எப்படி நடக்கிறது, எப்படி நடந்தால் நல்லது என்பதை முதன்முறையாகக் கேள்விப்படுபவருக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன்.

இந்த நாட்கள் எங்கிருந்து வருகின்றன

இருநூறுக்கும் மேற்பட்ட சர்வதேச நாட்கள் ஐ.நா. பட்டியலில் உள்ளன. பெரும்பாலானவை ஒரே வழியில் வந்தவை: ஓர் உறுப்பு நாடு வரைவுத் தீர்மானம் கொண்டுவரும், பொதுச்சபை அதை ஏற்கும். நவம்பர் 19 உலகக் கழிப்பறை நாளின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிங்கப்பூரைச் சேர்ந்த ஜாக் சிம் 2001இல் அந்தத் தேதியில் உலகக் கழிப்பறை அமைப்பைத் தொடங்கினார். அதே தேதியை ஆண்டுதோறும் கடைப்பிடிக்கும் வழக்கம் வளர்ந்தது. 2013இல் சிங்கப்பூர் அரசு அதைப் பொதுச்சபைக்குக் கொண்டுபோக, ஐ.நா. நாளாயிற்று. ஒரு தனிமனிதரின் பிடிவாதம் உலகப் பட்டியலில் ஏறப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

இத்தகைய தீர்மானங்களில் வழக்கமாக ஒரு பத்தி இருக்கும். இந்த நாளையொட்டி நடக்கும் செயல்களின் செலவுகளைத் தன்னார்வ நன்கொடைகளிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அது சொல்லும். நாள் அறிவிக்கப்படுகிறது, பணம் வருவதில்லை என்பதே இதன் பொருள். ஐ.நா. ஒரு நாளை அறிவித்துவிட்டதால் மட்டும் எந்த ஊர் மன்றத்துக்கும் அதைக் கடைப்பிடிக்கும் சட்டக் கடமை வந்துவிடாது. எல்லோரையும் கடைப்பிடிக்க அழைக்கிறார்கள், அவ்வளவுதான்.

உடல்நலம் சார்ந்த நாட்கள் பலவற்றுக்கு உலகச் சுகாதார நிறுவனம் பின்புலம். ஏப்ரல் 7 உலகச் சுகாதார நாள், 1948இல் அந்த நிறுவனத்தின் சாசனம் நடைமுறைக்கு வந்த தேதி. சில நாட்கள் சங்கங்களில் பிறந்து மேலே ஏறியவை. நவம்பர் 14 நீரிழிவு நாளைச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் 1991இல் தொடங்கின, ஐ.நா. அங்கீகாரம் 2006இல் வந்தது. இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்கெடுத்த ஃபிரெடரிக் பான்டிங்கின் பிறந்தநாள் அது. நவம்பர் மூன்றாம் ஞாயிறு, சாலை விபத்தில் இறந்தோருக்கான நினைவு நாள். 1993இல் பிரிட்டனில் விபத்தில் உறவுகளை இழந்தோருக்காக இயங்கும் ஓர் அறக்கட்டளை தொடங்கியதை, 2005இல் ஐ.நா. ஏற்றது.

வணிகத்துக்காகப் பிறந்த நாட்களும் உண்டு. ஜனவரி மூன்றாம் திங்களை ‘ஆண்டின் மிகச் சோகமான நாள்’ என்று சொல்லும் ‘புளூ மண்டே’, 2005இல் ஒரு பயண நிறுவனத்தின் விளம்பரச் செய்தியிலிருந்து வந்தது. அறிவியல் அடிப்படை எதுவும் கிடையாது. ஆனாலும் மனநல அக்கறையோடு பல அமைப்புகள் அதைப் பற்றி எழுதுகின்றன. மனநலத்துக்கு அக்டோபர் 10 இருக்கிறது. உலக மனநலக் கூட்டமைப்பு 1992இல் தொடங்கியது. நாளின் பிறப்பிடத்தை விசாரித்துவிட்டுப் பட்டியலில் சேர்ப்பது ஒரு மன்றத்தின் முதல் பொறுப்பு.

இன்னொரு வகை, ஊரே உண்டாக்கிக்கொள்ளும் நாள். பெருவெள்ளம் வந்த தேதி, ஆலை தீப்பிடித்த தேதி போன்றவை. உலக நாட்களைவிட இவற்றுக்கு வலிமை அதிகம் என்பது என் எண்ணம். அந்தத் தேதியைச் சொன்னதும் ஊரில் பாதிப் பேருக்கு அன்று தாங்கள் எங்கே நின்றிருந்தோம் என்று நினைவுக்கு வரும். வெள்ள எச்சரிக்கை வழிகளை ஒத்திகை பார்க்க அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது.

மனு எப்படி நகர்கிறது

முதலில் கட்டாயமானவை பட்டியலில் ஏறும். தேசிய அரசோ மாநில அரசோ சுற்றறிக்கை அனுப்பிக் கடைப்பிடிக்கச் சொன்ன நாட்கள், சட்டப்படி நடத்தவேண்டிய நிகழ்வுகள் ஆகியவை அவை. மிச்சமெல்லாம் மன்றத்தின் விருப்பம். அந்த விருப்பப் பகுதிக்குத்தான் போட்டி.

கோரிக்கைகள் பல வாசல்களில் வரும். ஒரு நோயாளர் சங்கம் கடிதம் எழுதும். ஒரு கவுன்சிலர் தன் வார்டு மக்கள் கேட்டதாகத் தீர்மானம் கொண்டுவருவார். சுகாதாரப் பிரிவு அலுவலர் தன் துறைக்குத் தேவையான நாளை முன்மொழிவார். ஒழுங்காக நடக்கும் மன்றங்களில் இவை எல்லாம் ஒரே விண்ணப்பப் படிவத்துக்கு வந்து சேரும். அலுவலர் ஒருவர் அவற்றைப் படித்து, ஏற்கெனவே எழுதிவைத்த அளவுகோல்களோடு ஒப்பிட்டுக் குறிப்பு எழுதுவார். குறிப்பு ஒரு குழுவுக்குப் போகும். குழு பரிந்துரைத்ததை முழு மன்றம் தீர்மானமாக நிறைவேற்றும். வரவு செலவுத் திட்டம் தயாராகும் காலத்திலேயே இது நடந்துவிட்டால் அடுத்த ஆண்டு நாட்காட்டியும் அதற்கான பணமும் ஒன்றாகவே முடிவாகும். இரண்டையும் பிரித்தால், தீர்மானம் இருக்கும், நிதி இருக்காது.

படிவமும் குழுவும் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? தலைவருக்குத் தெரிந்தவர் கேட்டால் நாள் கிடைக்கும். பக்கத்து ஊர் செய்தால் நாமும் செய்வோம். சென்ற ஆண்டு செய்ததை இந்த ஆண்டும் செய்வோம். யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனாலும் பட்டியல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

அந்தச் சாய்வுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரிய அமைப்புகளிடம் எல்லாம் தயாராக இருக்கிறது: சுவரொட்டி, சின்னம், மன்றம் வெளியிடவேண்டிய அறிக்கையின் வரைவு, கட்டடத்தில் எந்த நிறத்தில் விளக்குப் போடவேண்டும் என்ற குறிப்பு. அலுவலருக்கு வேலையே இல்லை, கையெழுத்துப் போட்டால் போதும். அரிய நோயுள்ள குழந்தையின் பெற்றோருக்கோ யாருக்கு எழுதவேண்டும் என்பதே தெரியாது. வந்த மனுக்களிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கும் மன்றம், குரல் உரத்தவர்களையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கும். ஆகவே மனுக்களோடு தன் கையில் உள்ள பதிவேடுகளையும் அது பார்க்க வேண்டும். எந்தச் சந்திப்பில் விபத்து அதிகம், எந்த வார்டில் நாய்க்கடி அதிகம், எந்தப் புகார் மாதந்தோறும் வருகிறது என்பதெல்லாம் அங்கே இருக்கும். கேட்கத் தெரியாதவர்களின் கோரிக்கை அந்தப் பதிவேடுகளுக்குள் கிடக்கிறது.

அளவுகோல்கள்

எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் நான் வைப்பது இது: இந்த விஷயத்தில் மன்றத்தின் கையில் ஏதாவது இருக்கிறதா? அதாவது அது தன் அதிகாரத்தைக் கொண்டு, தன் ஊழியர்களைக் கொண்டு, எதையேனும் மாற்ற முடியுமா?

கழிப்பறை நாளில் மன்றம் பேசுவதற்கு முழு உரிமை உண்டு. பொதுக் கழிப்பறைகள் பெரும்பாலும் அதன் பொறுப்பு. பூட்டிக்கிடக்கும் ஒன்றைத் திறக்கலாம், பெண்களுக்கான அறைகள் போதாத இடத்தில் கூட்டலாம், சக்கர நாற்காலி நுழையும்படி கதவை அகலப்படுத்தலாம். சாலை விபத்து நினைவு நாளிலும் அப்படித்தான். மெழுகுவத்தி ஏற்றுவது இறந்தவர்களின் குடும்பத்துக்கு ஆறுதல். அவர்கள் இறந்த சந்திப்பில் பாதசாரிகளுக்குக் கடவை போட்டு, விளக்கு வைத்தால், அடுத்த குடும்பத்துக்கு அந்த நாள் தேவைப்படாது. மன்றத்தால் இரண்டையும் செய்ய முடியும். முதலாவதை மட்டும் செய்து நிறுத்துவது அந்தக் குடும்பத்துக்குப் போதாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மாறாக, பனிப்பாறை நாளில் வெப்பமண்டலச் சிற்றூர் மன்றம் நேரடியாகச் செய்யக்கூடியது குறைவு. அதனால் அந்த நாள் முக்கியமற்றது என்று ஆகாது; பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் அதை எடுத்துச் செய்யலாம். நவம்பர் 5 உலகச் சுனாமி விழிப்புணர்வு நாளும் இதே போலத்தான். 2015 இறுதியில் ஐ.நா. ஏற்ற அந்த நாள் கடலோர மன்றத்துக்கு உயிர்காக்கும் ஒத்திகை. மலையடிவாரத்து மன்றத்துக்கு அக்டோபர் 13 பேரிடர் அபாயக் குறைப்பு நாளே பொருத்தம். அன்று நிலச்சரிவைப் பற்றிப் பேசலாம்.

அடுத்து, யார் சொல்லி இந்த நாள்? பாதிக்கப்பட்டவர்கள் கேட்கிறார்களா, அவர்களுக்காக மற்றவர்கள் கேட்கிறார்களா? ஏப்ரல் 2 ஆட்டிசம் நாளை ஐ.நா. 2007இல் ஏற்றது. நீல விளக்கு போடுவது பல ஊர்களில் வழக்கமாயிற்று. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களில் பலர் அந்த நிறத்தையும், தங்களை ஒரு துயரமாகச் சித்திரிக்கும் பிரசாரத்தையும் விரும்பவில்லை. ‘எங்களைப் பற்றித் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது, எங்களை ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்பது அவர்கள் கோரிக்கை. விளக்குப் போடுவதற்கு முன் அவர்களில் இருவரை அழைத்துக் கேட்டிருந்தால், கூச்சலும் வெளிச்சமும் குறைந்த ஒரு நேரத்தை நூலகத்தில் வாரந்தோறும் ஒதுக்கச் சொல்லியிருக்கலாம். அதற்குச் செலவும் குறைவு.

டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாளுக்கு இது இன்னும் பொருந்தும். 1992இல் ஐ.நா. அறிவித்த நாள். அன்றைய கூட்டம் மின்தூக்கி இல்லாத மாடியில் நடந்தால், சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நடந்தால், யாருக்காக நாளோ அவர்கள் வெளியே நிற்பார்கள். இந்த ஏற்பாடுகளைச் செய்ய முடியாத ஆண்டில் கூட்டம் வைப்பதற்குப் பதில், மன்றக் கட்டடத்தின் வாசலில் சாய்தளம் கட்டும் வேலையைத் தொடங்குவது நேர்மை.

தேதி மோதலும் ஒரு கேள்வி. நவம்பர் 25 பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் நாள். அன்று தொடங்கும் பதினாறு நாள் இயக்கம் டிசம்பர் 10 மனித உரிமை நாளில் முடிகிறது. நடுவில் டிசம்பர் 1 எய்ட்ஸ் நாள், 3 மாற்றுத்திறனாளிகள் நாள், 5 தன்னார்வலர் நாளும் மண் நாளும் வருகின்றன. இரண்டே பேர் கொண்ட பிரிவு இத்தனையையும் சுமக்க முடியாது. பதினாறு நாள் இயக்கத்தை முதன்மையாக வைத்து, மாற்றுத்திறனாளிப் பெண்கள் சந்திக்கும் வன்முறையை 3ஆம் தேதி பேசினால் இரண்டும் இணைந்துவிடும். இப்படி நாட்களைக் கோத்துப் பார்க்கும் அலுவலர் கிடைத்த மன்றம் பேறு பெற்றது. தேதி மாறும் நாட்களையும் கவனிக்க வேண்டும்: உலக வாழ்விட நாள் அக்டோபர் முதல் திங்கள், அரிய நோய் நாள் பிப்ரவரியின் கடைசி நாள். சென்ற ஆண்டு நாட்காட்டியை அப்படியே நகலெடுத்தால் பிழை வரும்.

தேர்தல் காலத்தையும் பார்க்க வேண்டும். பல நாடுகளில் தேர்தல் அறிவித்த பிறகு மன்றத்தின் விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. தலைவரின் படம் போட்ட பதாகை அப்போது வைக்க முடியாது. என்னைக் கேட்டால் எந்தக் காலத்திலும் வைக்க வேண்டாம்.

எந்த அளவுக்குக் கடைப்பிடிப்பது

‘கடைப்பிடிக்கிறோம்’ அல்லது ‘இல்லை’ என்ற இரண்டே பதில்கள் இருப்பதாக நினைத்தால் தேர்வு கடினமாகும். நடுவில் படிகள் உண்டு. அறிவிப்புப் பலகையிலும் சமூக ஊடகத்திலும் ஒரு குறிப்பு வெளியிடுவது கீழ்ப்படி. அடுத்தது அடையாளம்: கொடி, ரிப்பன், கட்டடத்தில் வண்ண விளக்கு. அதற்கு மேல் பேரணி, கண்காட்சி, மருத்துவ முகாம் போன்ற நிகழ்ச்சி. உச்சிப்படியில் சேவையோ விதியோ மாறுகிறது. அன்று தொடங்கி ஆண்டு முழுவதும் நடக்கும் வேலை.

ஒரு சிறிய மன்றம் உச்சிப்படிக்கு ஆண்டில் மூன்று நான்கு நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டு, இன்னும் சிலவற்றுக்கு நிகழ்ச்சி நடத்தி, மற்றவற்றைக் குறிப்போடு விடலாம். அந்தக் குறிப்பிலும் உருப்படியான ஒரு செய்தி இருக்கவேண்டும். ‘உலக இரத்த தான நாள் வாழ்த்துகள்’ என்று ஜூன் 14 அன்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. அன்று எங்கே, எத்தனை மணிக்கு இரத்தம் கொடுக்கலாம் என்று எழுதினால் பத்துப் பேராவது போவார்கள்.

வண்ண விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நவம்பர் 14 நீலம், 17 குறைப்பிரசவ நாளுக்கு ஊதா, 25 ஆரஞ்சு என்று கட்டடம் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். தெருவில் போகிறவருக்கு ஏன் என்று தெரியாது. கீழே விளக்கப் பலகை இல்லாத விளக்கு, ஏற்கெனவே விஷயம் தெரிந்தவருக்கு மட்டுமே செய்தி. அவர்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருக்கலாம். தங்கள் குழந்தையின் நோயை ஊர் நினைத்துப் பார்க்கிறது என்ற உணர்வை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் அதை விழிப்புணர்வுக் கணக்கில் எழுதக்கூடாது.

வேண்டாம் என்று சொல்வது

எழுதிவைத்த கொள்கையின் அருமை மறுக்கும்போதுதான் தெரியும். அமெரிக்காவின் பாஸ்டன் நகர மண்டபத்தின் முன் மூன்று கொடிக்கம்பங்கள் உள்ளன. மூன்றாவதை வெளிக் குழுக்கள் தங்கள் நிகழ்ச்சிக்குக் கேட்டுப் பெற முடிந்தது. 2005 முதல் 2017 வரை 284 நிகழ்ச்சிகளுக்கு நகராட்சி அனுமதி தந்தது, ஒன்றையும் மறுத்ததில்லை. 2017இல் ஒரு குழு கிறிஸ்தவக் கொடி ஏற்றக் கேட்டபோது மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2022 மே மாதம் ஒன்பது நீதிபதிகளும் நகராட்சிக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். எந்தக் கொடி ஏறலாம் என்பதை நகராட்சி அதுவரை தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கவே இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு ஒருவரின் கருத்துக்காக மட்டும் மறுப்பது பேச்சுரிமைக்கு எதிரானது என்பது தீர்ப்பின் சாரம். மன்றம் தன் சொந்தக் குரலாக எதைச் சொல்லும் என்று முன்பே எழுதிவைத்து அதன்படி நடந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஈமோ என்ற சிறு நகரியம், 2020இல் பால்புதுமையினருக்கான பிரைடு மாதத்தை அறிவிக்கும்படி வந்த கோரிக்கையை வாக்கெடுப்பில் நிராகரித்தது. 2024 நவம்பரில் மாகாண மனித உரிமைத் தீர்ப்பாயம், நகரியம் 10,000 டாலரும் மேயர் 5,000 டாலரும் இழப்பீடு தரவேண்டும் என்றது. மறுப்பு பாகுபாட்டால் வந்தது என்பது அதன் முடிவு. கேட்ட எல்லாவற்றையும் அறிவிக்கவேண்டிய கடமை மன்றத்துக்கு இல்லை. ஆனால் ஒருவருக்கு ஓர் அளவுகோலும் இன்னொருவருக்கு வேறோர் அளவுகோலும் வைத்தால் பதில் சொல்லவேண்டி வரும். இந்தச் சிக்கலே வேண்டாம் என்று அறிவிப்பு வெளியிடும் வழக்கத்தையே கைவிட்ட நகராட்சிகளும் கனடாவில் உண்டு. எல்லோருக்கும் ஒரேபோல ‘இல்லை’ என்று சொல்வதும் ஒரு நேர்மையான கொள்கைதான். இழப்பு என்னவோ சின்னஞ்சிறு குழுக்களுக்கு.

மறுப்புக் கடிதம் எழுதும் முறை ஒன்று உண்டு. எந்த அளவுகோலில் பொருந்தவில்லை என்பதைச் சொல்லவேண்டும். அடுத்த விண்ணப்பக் காலம் எப்போது என்று சொல்லவேண்டும். மன்றத்தால் முடியாவிட்டால் நூலகத்திலோ பூங்காவிலோ அவர்களே நிகழ்ச்சி நடத்த இடம் கிடைக்குமா என்று சொல்லவேண்டும். பதிலே வராமல் போவதுதான் மனிதர்களைக் காயப்படுத்துகிறது.

தேதியிலிருந்து பின்னோக்கி

தேர்ந்தெடுத்த நாளை நன்றாகச் செய்வது எப்படி இருக்கும் என்பதற்கு செப்டம்பர் 28ஐப் பார்க்கலாம். லூயி பாஸ்டர் 1895இல் மறைந்த தேதி. 2007 முதல் உலக வெறிநோய் நாள். மனிதருக்கு வெறிநோய் பரவுவதில் 99 சதவீதம் வரை நாய்களால்தான் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் பரவல் அறுந்துவிடும். அறிகுறி தோன்றிய பிறகு இந்த நோயிலிருந்து பிழைப்பது அரிதிலும் அரிது. கடித்தவுடன் செய்யும் சிகிச்சையோ ஏறக்குறைய முழுப் பாதுகாப்பு. தெருநாய்கள் பல இடங்களில் உள்ளாட்சியின் பொறுப்பு. மேலே சொன்ன முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான ‘ஆம்’ கிடையாது.

இப்போது செப்டம்பர் 28இலிருந்து பின்னோக்கிப் போகவேண்டும். அன்று ‘எங்கள் ஊரில் இத்தனை சதவீத நாய்களுக்கு ஊசி போட்டாயிற்று’ என்று மன்றம் அறிவிக்க வேண்டுமானால், செப்டம்பர் முழுவதும் வார்டு வார்டாக ஊசி போட்டிருக்க வேண்டும். அதற்கு ஆகஸ்டுக்குள் நாய் பிடிப்போருக்குப் பயிற்சியும் அவர்களுக்கே முன்தடுப்பு ஊசியும் முடிந்திருக்க வேண்டும். மருந்தைக் குளிர்நிலை குலையாமல் வைக்க இடமும் வேண்டும். மருந்துக் கொள்முதல் ஆணை ஜூனில் போயிருக்க வேண்டும். எத்தனை ஊசி வேண்டும் என்று தெரிய, அதற்கு முன் நாய்களை எண்ணியிருக்க வேண்டும். எண்ணுவதற்கான பணம் வரவு செலவுத் திட்டத்தில் இருந்திருக்க வேண்டும். ஆக, செப்டம்பர் நாளுக்கான முடிவு முந்தைய ஆண்டின் கடைசியிலேயே எடுக்கப்படுகிறது. கூடவே பள்ளிகளில் சொல்லவேண்டிய செய்தி ஒன்று உண்டு: கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். குழந்தைகள் கடிபட்டதை வீட்டில் மறைத்துவிடுவார்கள். திட்டமாட்டார்கள் என்ற தைரியத்தைப் பெரியவர்கள் கொடுக்கவேண்டும். அன்றைய பேரணியில் இந்தச் செய்தி முழங்கினால் அந்தப் பேரணிக்கும் அர்த்தம் உண்டு.

நாள் என்பது ஒரு கெடு. தேதி ஒன்று முன்னால் நிற்பதால்தான் கோப்புகள் நகரும், துறைகள் ஒன்றாக உட்காரும், செய்தியாளர்கள் வருவார்கள். இந்தப் பயனுக்காகவே விழிப்புணர்வு நாட்கள் வேண்டும் என்று நான் வாதாடுவேன்.

பயன் இருந்ததா

விழிப்புணர்வு நாட்களின் பயனை அளப்பது மிகக் குறைவு. அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழ் ஒன்றில் 2015இல் இரண்டு ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை நேரடியாக எழுப்பினார்கள்: நாட்கள் பெருகிய வேகத்துக்கு ஆதாரம் பெருகவில்லையே என்று. உள்ளாட்சி மன்றம் பெரிய ஆய்வு நடத்தவேண்டியதில்லை. முன்பே ஓர் எண்ணைக் குறித்துவைத்து, பிறகு அதையே பார்த்தால் போதும். ஊசி போட்ட நாய்கள், திறந்த கழிப்பறைகள், முகாமில் சர்க்கரை அளவு கூடியதாகத் தெரிந்து மருத்துவரிடம் உண்மையில் போனவர்கள். எத்தனை பேர் பதிவை விரும்பினார்கள் என்பது அந்த எண் ஆகாது.

நாட்காட்டியில் ஒருமுறை ஏறிய நாள் தானாக இறங்காது. யாரும் எடுத்துவிடும்படி மனுப் போடமாட்டார்கள், எடுத்தால் யாராவது வருந்துவார்கள். அதனால் சேர்க்கும்போதே மூன்று ஆண்டுகளுக்கு என்று சேர்ப்பது நல்லது. மூன்றாம் ஆண்டு முடிவில் மறுபடி விண்ணப்பம், மறுபடி பரிசீலனை. வேலை முடிந்துவிட்டதால் இறங்கும் நாளும் இருக்கலாம். அதை மன்றம் பெருமையோடு அறிவிக்கலாம்.

நீங்கள் கேட்கப்போகிறீர்கள் என்றால்

உங்கள் மனதுக்கு நெருக்கமான ஒரு நாளை மன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறீர்களா? ஆறு மாதமாவது முன்னால் எழுதுங்கள். வரவு செலவுத் திட்டத்துக்கு முன் எழுதினால் இன்னும் நல்லது. அந்த நாள் எவ்வளவு முக்கியம் என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள், அலுவலர் மறுக்கப்போவதில்லை. மீதிக் கடிதத்தில் மன்றம் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்: எந்தத் தெரு, எந்தக் கட்டடம், எந்தப் பிரிவு, தோராயமாக என்ன செலவாகும். உங்கள் தரப்பிலிருந்து யார் வந்து வேலை செய்வார்கள் என்று சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவர்கள் அதற்குச் சம்மதித்திருக்கிறார்களா என்று சொல்லுங்கள். விளக்கோ கொடியோ மட்டும் போதுமென்றால் அதையும் வெளிப்படையாகக் கேளுங்கள். சின்னக் கோரிக்கை சீக்கிரம் நிறைவேறும். உங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஒரு நகல் கொடுங்கள், குழுக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச அனுமதி உண்டா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நாள் முடிந்த ஒரு மாதத்துக்குள் என்ன நடந்தது என்று மன்றத்துக்கு யார் அறிக்கை தருவார் என்பதையும் கடிதத்தின் கடைசியில் எழுதிவிடுங்கள்.